பாலையில் ஓடும் வாய்க்கால்

நுழையும்முன்

ஐவகை நிலங்களைப் படிக்கும்போது குறிஞ்சிக்கு மலையும், முல்லைக்குக் காடும், மருதத்துக்கு வயலும், நெய்தலுக்குக் கடலும் கண்முன் வந்து நிற்கின்றன. பாலைக்கு மட்டும் நாம் நேரில் கண்ட நிலம் ஒன்று நினைவில் எழுவதில்லை. திரைப்படத்தில் பார்த்த மணல்மேடுகளே எழுகின்றன. பாலை நம்மிடம் இல்லை என்றே எண்ணுகிறோம். அவ்வெண்ணம் சரிதானா? தாடிக்கொம்பில் ஒரே வகுப்பில் படித்த நண்பர்கள், மூன்று நாள் விடுமுறையில் பாலை நாடாகிய ஓமனில் கண்டவற்றைக் கூறும் இப்பயணக் கட்டுரை அவ்வினாவுக்கு விடை தேடுகிறது.

ஆற்றங்கரை நால்வர்

திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் சாலையில் உள்ளது தாடிக்கொம்பு. சிற்பத் தூண்களுக்குப் பெயர்பெற்ற சௌந்தரராசப் பெருமாள் கோவில் இவ்வூருக்கு அடையாளம். ஊரை ஒட்டிச் செல்வது குடகனாறு. பழனி மலைத்தொடரின் கீழ்மலைப் பகுதியில் தோன்றித் திண்டுக்கல், வேடசந்தூர் பகுதிகளைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் அமராவதியோடு கலக்கும் ஆறு அது.

நாங்கள் நால்வரும் அந்த ஆற்றில் ஊற்றுத் தோண்டி நீர் குடித்தவர்கள். பள்ளி விட்டதும் ஆற்றுக்குள் இறங்குவோம். மணலைக் கையால் பறித்தால் முழங்கை ஆழத்தில் நீர் ஊறும். கலங்கல் தெளியும்வரை காத்திருக்க வேண்டும். முதலில் யார் குடிப்பது என்பதில் நாள்தோறும் சண்டை வரும். வயதில் மூத்தவர் எவரேனும் அவ்வழியே வந்தால், "தோண்டியவன் கடைசியில் குடிக்கட்டும், தாகம் அதிகம் உள்ளவன் முதலில் குடிக்கட்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார். அத்தீர்ப்பின் பொருள் எனக்குப் புரிய நாற்பது ஆண்டுகள் ஆயின.

நால்வரில் ஒருவர் உழவரானார். ஒருவர் லாரி ஓட்டுநரானார். நான் ஆசிரியரானேன். நான்காம் நண்பரின் குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் நிலமும், பங்காளிகளோடு சேர்ந்த பொதுக்கிணற்றில் ஒரு பங்கும் இருந்தன. பக்கத்துத் தோட்டங்களில் ஆழ்துளைக் கிணறுகள் ஒவ்வொன்றாக இறங்க, பொதுக்கிணற்றின் நீர்மட்டம் படிப்படியாகக் கீழே போயிற்று. ஒரு கோடையில் கிணறு முற்றிலும் வற்றியது. அவருடைய தந்தையார் கடன் வாங்கி இரண்டு இடங்களில் துளையிட்டார். இரண்டிலும் புழுதிதான் வந்தது. அந்தக் கடனை அடைப்பதற்காக மின்பணி கற்றுக்கொண்டு மஸ்கட் சென்ற நண்பர், அங்கேயே இருபத்தேழு ஆண்டுகளைக் கழித்துவிட்டார்.

தொடக்க ஆண்டுகளில் ஒலிநாடாவில் தம் குரலைப் பதிந்து அனுப்புவார். அவருடைய தாயார் எழுதப் படிக்க அறியாதவர். அந்த நாடாவை ஓடவிட்டுக் கேட்பதற்காக எங்களை அழைப்பார். பிறகு தாம் பேசிப் பதிந்து தரச் சொல்வார். பேசத் தொடங்கியதும் அவருக்கு அழுகை வந்துவிடும். அதனால் எங்கள் ஊரிலிருந்து சென்ற நாடாக்களில் பெரும்பகுதி பேச்சே இல்லாமல் ஓடியிருக்கும்.

சென்ற ஆண்டு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. "அடுத்த ஆண்டு ஊருக்குத் திரும்பிவிடுவேன். அதற்குள் ஒருமுறை மூவரும் வாருங்கள். வெள்ளியும் சனியும் இங்கு வார விடுமுறை. அவற்றோடு அரசு விடுமுறை ஒன்றும் சேர்வதால் மூன்று நாள் கிடைக்கும். நான் வாழ்ந்த இடத்தை நீங்கள் பார்க்க வேண்டும்" என்றார். பள்ளியின் அரையாண்டு விடுமுறையும் அந்நாளில் அமைந்ததால் நானும் புறப்பட்டேன். உழவர் நண்பருக்கு அதுவே முதல் கடவுச்சீட்டு; முதல் விமானப் பயணம்.

வறண்ட மலைகளின் நாடு

சென்னையிலிருந்து அரபிக்கடலைக் கடந்து மஸ்கட்டை நெருங்கியபோது, சாளரத்தின் வழியே ஹஜர் மலைத்தொடர் தெரிந்தது. கசக்கிப் போட்ட கோணிச்சாக்கு போன்ற பழுப்பு மலைகள். மரமோ பசுமையோ கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. "நம் சிறுமலையை யாரோ மொட்டையடித்து இங்கே வைத்ததுபோல் இருக்கிறது" என்றார் உழவர் நண்பர்.

மஸ்கட்டில் ஓராண்டுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டர். திண்டுக்கல் மாவட்டத்தில் ஓராண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. எட்டில் ஒரு பங்கு மழையை வைத்துக்கொண்டு ஒரு நாடு எவ்வாறு வாழ்கிறது? இன்று மஸ்கட் போன்ற கடற்கரை நகரங்கள் கடல்நீரைக் குடிநீராக்கி வாழ்கின்றன. எரிபொருளும் தொழில்நுட்பமும் அதற்குத் துணை. ஆனால் எண்ணெய் வளம் கண்டறியப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்நாட்டின் உள்பகுதிகளில் ஊர்கள் இருந்தன. பேரீச்சந் தோப்புகள் இருந்தன. அவை எந்த நீரால் வாழ்ந்தன என்பதே நாங்கள் அறிய விரும்பியது.

தெரிந்து தெளிவோம்

ஓமனோடு தமிழருக்குள்ள தொடர்பு இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஓமனின் தென்பகுதியில், நறுமணப் பிசின் ஏற்றுமதிக்குப் பெயர்பெற்ற சும்ஹுரம் என்னும் பழைய துறைமுகம் இருந்தது. இன்று கோர் ரோரி எனப்படும் அவ்விடத்தில் நடந்த அகழாய்வில், தமிழ்-பிராமி எழுத்துகள் பொறித்த பானையோடு ஒன்று 2006 ஆம் ஆண்டு கிடைத்தது. 'ணந்தை கீரன்' என்னும் பெயர் அதில் உள்ளது. அது கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. பொருள் தேடிக் கடல் கடந்த தமிழர் ஒருவரின் பெயராக அது இருக்கலாம்.

மலையடியில் பிறக்கும் நீர்

முதல் நாள் காலை மஸ்கட்டிலிருந்து நிஸ்வா செல்லும் நெடுஞ்சாலையில் புறப்பட்டோம். நிஸ்வாவுக்குச் சற்று முன்பாக, பச்சை மலை என்று பொருள்படும் ஜபல் அக்தர் மலையின் அடியில் உள்ளது பிர்கத் அல் மவ்ஸ் என்னும் ஊர். 'வாழைக்குளம்' என்பது அப்பெயரின் பொருள். பெயர் பொய்க்கவில்லை. மொட்டைப் பாறைகளுக்குக் கீழே பேரீச்சை மரங்கள் நெருங்கி நின்றன. அவற்றின் நிழலில் வாழைகளும் நின்றன. தோப்பின் ஓரத்தில், காரை பூசிய சிறு வாய்க்காலில் தெளிந்த நீர் ஓசையின்றி ஓடியது.

உழவர் நண்பர் செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலின் ஓரத்தில் அமர்ந்தார். கையை நீருக்குள் விட்டுப் பார்த்தார். "மோட்டார் ஓடும் ஓசையே கேட்கவில்லை. மலையில் ஒரு புல்லும் இல்லை. இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டார்.

அவர் கேட்ட வினாவுக்கு விடையே 'ஃபலஜ்' என்னும் பாசன முறை. பலவற்றைச் சேர்த்துக் கூறும்போது 'அஃப்லாஜ்' என்பர். மலையில் எப்போதேனும் பெய்யும் மழை, பாறை இடுக்குகளின் வழியே இறங்கி, மலையடியில் நிலத்துக்குள் தேங்குகிறது. அந்நீர் இருக்கும் ஆழம்வரை மேட்டுப்பகுதியில் ஒரு கிணறு தோண்டுகின்றனர். அதற்குத் தாய்க்கிணறு என்று பெயர். அக்கிணற்றின் அடியிலிருந்து ஊரை நோக்கி நிலத்தடியில் ஒரு சுரங்கம் குடைகின்றனர். இங்குதான் அவர்களது அறிவுநுட்பம் விளங்குகிறது. நிலம் சரியும் அளவைவிடச் சுரங்கத்தின் சரிவு குறைவாக இருக்குமாறு அமைக்கின்றனர். நிலம் வேகமாகச் சரிய, சுரங்கம் மெல்லச் சரிவதால், சில கல் தொலைவுக்கு அப்பால் சுரங்கம் தானாகவே தரைமட்டத்தை அடைந்துவிடுகிறது. நீர் தன் எடையால் நடந்து ஊருக்குள் வருகிறது. இறைக்க மாடும் வேண்டா, மின்சாரமும் வேண்டா. சுரங்கத்தின் மேலே இடைவெளிவிட்டு அமைந்துள்ள துளைகளின் வழியே மண்ணை வெளியேற்றுவர். தூர் வாரவும் உள்ளே இறங்குவர்.

எல்லா ஃபலஜ்களும் இவ்வாறு அமைந்தவை அல்ல. நிலத்தடிச் சுரங்க வகையை 'தாவூதி' என்பர். காட்டாற்றின் நீரைத் திருப்பிவிடுவது ஒருவகை. இயற்கை ஊற்றிலிருந்து நீரைக் கொண்டுவருவது மற்றொரு வகை. தாவூதின் மகனாகிய சுலைமான் பத்து நாளில் பத்தாயிரம் ஃபலஜ்களை உருவாக்கினார் என்பது ஓமனில் வழங்கும் பழங்கதை. ஓமனில் ஏறத்தாழ 3,000 ஃபலஜ்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. அவற்றுள் ஐந்தினை யுனெஸ்கோ 2006 ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. நாங்கள் கண்ட 'ஃபலஜ் அல் கத்மைன்' அவ்வைந்தனுள் ஒன்று.

நிலத்தடிச் சுரங்கம்வழி நீர் கொணரும் இம்முறை ஈரானில் 'கனாத்' என வழங்குகிறது. நம் நாட்டிலும் கர்நாடகத்தின் பீதர் நகரில் 'கரேஸ்' என்னும் பெயரில் இத்தகைய பழைய அமைப்பு உள்ளது.

மூன்றாகப் பிரியும் வாய்க்கால்

அல் கத்மைன் வாய்க்கால் ஓரிடத்தில் மூன்றாகப் பிரிகிறது. மூன்று கிளைகளிலும் ஒரே அளவு நீர் செல்லும் என்று நண்பர் கூறினார். உழவர் நண்பர் அதனை எளிதில் நம்பவில்லை. சட்டையின் கையை மடக்கிக்கொண்டு, மூன்று கிளைகளின் அகலத்தையும் சாணால் அளந்தார். ஆழத்தை விரலால் அளந்தார். மூன்றும் ஒத்திருந்தன. பின்னர், உதிர்ந்து கிடந்த ஓலைத் துணுக்குகள் மூன்றினை ஒவ்வொரு கிளையிலும் ஒன்றாக இட்டு, அவற்றோடு கரையில் நடந்து பார்த்தார். மூன்றும் ஏறத்தாழ ஒன்றாகவே சென்றன. திரும்பி வந்தவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அங்கிருந்த முதியவர் ஒருவர் இதனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களை அழைத்துத் தோப்பின் நிழலில் அமர்த்தினார். பேரீச்சம்பழமும், ஏலக்காய் மணக்கும் 'கஹ்வா' என்னும் காப்பியும் தந்தார். மஸ்கட் நண்பர் அவர் பேசிய அரபு மொழியை எங்களுக்குத் தமிழாக்கிச் சொன்னார்.

"இப்போது ஓடுவது யாருடைய தண்ணீர்?" என்று உழவர் நண்பர் கேட்டார். முதியவர் சற்றுச் சிந்தித்தார். "தண்ணீர் யாருடையதும் அன்று. இப்போது நடப்பது இன்னாருடைய நேரம் என்று வேண்டுமானால் சொல்லலாம்" என்றார்.

ஃபலஜ் முறையின் அடிப்படையை அம்முதியவர் ஒரே தொடரில் கூறிவிட்டார். நீரைப் படியால் அளப்பது அரிது. காலத்தால் அளப்பது எளிது. ஏறத்தாழ அரைமணி நேரத்தை 'அதர்' என்னும் ஓர் அலகாகக் கொண்டு, இவ்வளவு நாளைக்கு ஒருமுறை, இத்தனை அதர் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் பங்கு வகுத்துள்ளனர். பகலில், நட்டுவைத்த கோலின் நிழலைக் கொண்டு காலத்தைக் கணித்தனர். இரவில் விண்மீன்களின் எழுச்சியைக் கொண்டு கணித்தனர். இன்று பல ஊர்களில் கைக்கடிகாரம் அந்த இடத்தைப் பிடித்துள்ளது.

வாய்க்கால் ஊருக்குள் நுழையும் முதலிடம் குடிநீருக்கு உரியது. அங்கு எவரும் நீர் முகக்கலாம். வழிப்போக்கருக்கும் அவ்வுரிமை உண்டு. அதன் கீழே வழிபாட்டிடங்களுக்கும் குளிப்பதற்கும் துவைப்பதற்கும் இடங்கள் அமைந்துள்ளன. அதன்பிறகே நீர் பயிருக்குச் செல்கிறது. பயிரிலும் முன்னுரிமை பேரீச்சைக்கு. பருவப் பயிர்கள் கடைசியில் இடம்பெறுகின்றன. நீர் குறையும் ஆண்டில் பருவப் பயிரின் பரப்பைச் சுருக்கிக்கொள்வார்கள். நெடுநாள் வளர்ந்த மரத்தைக் காப்பார்கள். ஃபலஜைக் கண்காணிக்க மேலாளர் ஒருவர் உண்டு. நீர்ப்பங்குகளில் சிலவற்றை ஏலத்தில் விட்டு, அந்தப் பணத்தில் பராமரிப்புப் பணிகளைச் செய்வர்.

"தோண்டியவன் கடைசியில் குடிக்கட்டும், தாகம் அதிகம் உள்ளவன் முதலில் குடிக்கட்டும்" என்று குடகனாற்று மணலில் நின்று சொன்ன பெரியவரின் குரல் அப்போது என் காதில் ஒலித்தது. அவர் ஃபலஜைக் கண்டவர் அல்லர். ஆயினும் இவ்வறத்தை அறிந்திருந்தார்.

நாம் மறந்த முறை

இந்த ஏற்பாடு நமக்குப் புதியதன்று. தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட பாசன ஏரிகள் உள்ளன. மடை திறப்பதற்கும் வயல்களுக்கு முறைவைத்து நீர் பாய்ச்சுவதற்கும் ஊர்தோறும் நீர்க்கட்டிகள் இருந்தனர். ஆண்டுதோறும் ஊரார் கூடிக் கண்மாயைத் தூர்வாரிய வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. பொதுக்கிணற்றில் பங்காளிகள் நாள்கணக்கிலும் நாழிகைக் கணக்கிலும் முறை வகுத்துக் கமலை கட்டி இறைத்தனர். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். ஓமனின் அதரும் நம் நாழிகையும் ஒரே சிந்தனையின் இரு வடிவங்கள்.

கமலையால் இறைத்த காலத்தில், ஊறும் அளவுக்கு மேல் ஒருவரும் நீரை எடுக்க இயலாது. மாட்டின் களைப்பே அதற்கு எல்லை. மின்மோட்டாரும் ஆழ்துளைக் கிணறும் வந்தபின் அந்த எல்லை நீங்கியது. ஒவ்வொருவரும் தம் நிலத்துக்கு அடியில் இருக்கும் நீர் தமக்கே உரியது என்று எண்ணத் தொடங்கினர். நிலத்துக்கு மேலே வரப்பு உண்டு. நிலத்தடி நீருக்கு வரப்பு இல்லை. ஒருவர் ஆழமாகத் துளைத்தால் அடுத்தவர் கிணறு வற்றும். இதனோடு, தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் கெட்டதையும் திண்டுக்கல் வட்டாரம் அறியும். நீரின் அளவு குறைந்ததைப் போலவே தன்மையும் குறைந்தது.

ஓமனும் இச்சிக்கலுக்கு விலக்கன்று. விசைக் கிணறுகள் பெருகியதால் அங்கும் ஃபலஜ்கள் பல வற்றின. முதியவரே அதனை எங்களிடம் ஒப்புக்கொண்டார். ஆனால் தாய்க்கிணற்றைச் சுற்றிக் குறிப்பிட்ட தொலைவுக்குள் புதிய கிணறு தோண்டுவதை அந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. முறை உடைந்த இடத்தில் சட்டத்தைத் துணைக்கு அழைத்திருக்கிறார்கள்.

மணலில் ஓர் இரவு

இரண்டாம் நாள் ஷர்கியா மணற்பரப்புக்குச் சென்றோம். ஏறத்தாழ 12,500 சதுர கிலோமீட்டர் பரந்த மணற்கடல் அது. மணலுக்குள் நுழையும் முன்னர், வண்டியோட்டி நான்கு சக்கரங்களிலும் காற்றைக் குறைத்தார். லாரி ஓட்டுநர் நண்பர் அதனை மகிழ்ச்சியோடு எங்களுக்கு விளக்கினார்: "காற்றுக் குறைந்தால் சக்கரம் மணலில் அகலமாகப் படியும், புதையாது. வலிமையைக் காட்டினால் மணல் விழுங்கிவிடும். தளர்ந்து கொடுத்தால் தாங்கும்."

மணல்மேடுகளுக்கு இடையே ஆங்காங்கே மரங்கள் நின்றன. இலைகளைப் பார்த்ததும் உழவர் நண்பர் ஓடிச்சென்று கொம்பைப் பிடித்தார். "இது வன்னி அல்லவா!" என்றார். ஆம், அது வன்னி மரமே. அரபு மொழியில் அதனை 'காஃப்' என்கின்றனர். நம் கோவில்களில் தலமரமாக நிற்கும் வன்னியும் பாலையின் காஃபும் ஒன்றே. வேரை மிக ஆழத்துக்குச் செலுத்திக் கிடைக்கும் நீரைக்கொண்டு வாழ்ந்து, ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தழையும் நிழலும் தரும் மரம் அது. குடகனாற்றில் இன்று அடர்ந்து நிற்கும் சீமைக் கருவேலம் அதற்கு நெருங்கிய உறவு மரம். பிற நாட்டிலிருந்து வந்து நம் ஆற்றுப் படுகைகளை வளைத்துக்கொண்டது.

இரவு, மணலில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். விண்மீன்கள் கைக்கெட்டும் தொலைவில் இருப்பதுபோல் தோன்றின. மஸ்கட் நண்பர் மெல்லப் பேசத் தொடங்கினார். வெயில் காலத்தில் மொட்டைமாடிகளில் கம்பி இழுத்த நாள்களைச் சொன்னார். இப்போது கோடை மாதங்களில் நண்பகல் 12.30 மணி முதல் 3.30 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருப்பதைச் சொன்னார். மகள் பிறந்த செய்தி பத்து நாள் கழித்துத் தமக்கு வந்ததைச் சொன்னார். "அம்மா அனுப்பிய நாடாக்களில் ஒன்று என்னிடம் இன்னும் இருக்கிறது. அதில் பேச்சு ஒன்றும் இல்லை. நம் வீட்டுத் திண்ணையில் காகம் கரைவது கேட்கும். கடைசியில் கிணற்று உருளை சுற்றும் ஓசை கேட்கும். அதற்காகவே வைத்திருக்கிறேன்" என்றார்.

நாங்கள் யாரும் மறுமொழி கூறவில்லை. பல ஆண்டுகள் வகுப்பறையில் பாலைத்திணையை நடத்திய எனக்கு, அத்திணை அன்றுதான் விளங்கியது. பாலையின் சிறுபொழுது நண்பகல், உரிப்பொருள் பிரிவு. பொருள் தேடித் தலைவன் பிரிவதைப் பாலைப் பாடல்கள் மீண்டும் மீண்டும் பேசுகின்றன. நண்பகலில் உழைத்து, இருபத்தேழு ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்த பாலைத் தலைவன் என் அருகே படுத்திருந்தான். அவன் பிரிவுக்குக் காரணம் ஊரில் வற்றிய ஒரு கிணறு.

தெரிந்து தெளிவோம்

அகநானூற்றின் 400 பாடல்களுள் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாடல்களும் பாலைத்திணைக்கு உரியவை. பாலை பாடுவதில் வல்லவரான புலவர் ஒருவர் 'பாலை பாடிய பெருங்கடுங்கோ' என்றே அழைக்கப்பெற்றார்.

பாலை எங்கே உள்ளது?

தமிழிலக்கணம் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து வளம் இழக்கும்போது பாலை என்னும் வடிவத்தை அடைகின்றன என்னும் கருத்தைச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை கூறுகிறது. அஃதாவது, பாலை ஒரு நிலத்தின் பெயராக மட்டும் அமையவில்லை. எந்த நிலத்துக்கும் நேரக்கூடிய நிலையின் பெயராகவும் அமைந்துள்ளது.

இக்கருத்தை மறுபுறமாகவும் பார்க்கலாம். வளமான நிலம் பாலையாகத் திரியக்கூடுமெனில், பாலையும் மருதமாகத் திரியக்கூடும் அன்றோ? பிர்கத் அல் மவ்ஸில் நாங்கள் கண்டது அதுவே. எட்டில் ஒரு பங்கு மழையைக் கொண்டு அவ்வூரார் வாழைக்குளத்தை உருவாக்கினர். எட்டு மடங்கு மழை பெய்தும் நாங்கள் ஊற்றுநீர் குடித்த ஆறு வறண்டது. மழையின் அளவு இவ்வேறுபாட்டை விளக்கவில்லை. கிடைத்த நீரை எவ்வாறு பகிர்ந்துகொண்டோம் என்பதே விளக்குகிறது.

மூன்றாம் நாள் விமான நிலையத்தில் விடைபெற்றபோது, உழவர் நண்பர் மஸ்கட் நண்பரின் கையைப் பற்றிக்கொண்டு, "நீ ஊருக்கு வா. கிணற்றைப் பார்ப்போம்" என்றார்.

ஊர் திரும்பியபின்

ஊர் திரும்பிய உழவர் நண்பர், பொதுக்கிணற்றின் பங்காளிகளை வேப்பமரத்தடியில் கூட்டினார். கிணற்றைத் தூர்வாருவோம், மழைநீர் அதற்குள் இறங்க வாய்க்கால் வெட்டுவோம், ஊறும் நீரை நேரக் கணக்கில் முறைவைத்துப் பாய்ச்சுவோம், இனிப் புதிதாகத் துளையிட வேண்டா என்று கேட்டுக்கொண்டார். பங்காளிகள் ஆறு பேரில் மூவர் உடன்பட்டனர். இருவர் எண்ணிப் பார்ப்பதாகக் கூறினர். ஒருவர், "வாய்க்கால் வெட்டினால் மழை வந்துவிடுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து சென்றார். உழவர் நண்பர் சோர்வடையவில்லை. "அந்த ஊரிலும் முதல் நாளே மூன்று கிளையும் ஒத்து ஓடியிருக்காது" என்றார்.

தை மாதத்தில் ஒரு மாலை நாங்கள் மூவரும் குடகனாற்றில் இறங்கினோம். சீமைக் கருவேல முட்களை விலக்கி, சிறுவர்களாக இருந்தபோது ஊற்றுப் பறித்த இடத்தை ஒருவாறு கண்டுபிடித்தோம். கையால் பறிக்கத் தொடங்கினோம். முழங்கை ஆழத்தில் உலர்ந்த மணலே வந்தது. லாரி ஓட்டுநர் நண்பர் அருகிலிருந்த தோட்டத்தில் மண்வெட்டி வாங்கி வந்தார். இடுப்பளவு தோண்டியபோது மணல் ஈரமாக இருந்தது.

சொல்லும் பொருளும்

கலங்கல் – கலங்கிய நீர். உருளை – நீர் இறைக்கும் கயிறு ஓடும் சக்கரம். நீர்க்கட்டி – முறைப்படி வயல்களுக்கு நீர் பாய்ச்சும் ஊர்ப் பணியாளர். கமலை – மாடுகளைக்கொண்டு கிணற்றுநீர் இறைக்கும் அமைப்பு. குடிமராமத்து – நீர்நிலைகளை ஊராரே கூடிச் செப்பனிடுதல். திரிதல் – இயல்பு மாறுதல்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள கிணறு, குளம், கண்மாய் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் நீர் முன்பு எவ்வாறு பகிரப்பட்டது என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.
2. பணியின்பொருட்டு வெளிநாட்டில் வாழும் உங்கள் ஊரார் ஒருவருக்கு, ஊரின் இன்றைய நிலையை விளக்கிக் கடிதம் எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ஃபலஜ் முறையில் நீர்ப்பங்கு பெரிதும் எதனால் அளக்கப்படுகிறது?
அ) எடை  ஆ) காலம்  இ) நிலப்பரப்பு  ஈ) விலை

2. பாலைத்திணையின் உரிப்பொருள்
அ) ஊடல்  ஆ) இரங்கல்  இ) பிரிவு  ஈ) இருத்தல்

குறுவினா

1. தாய்க்கிணறு என்பது யாது?
2. கோர் ரோரியில் கிடைத்த பானையோட்டின் சிறப்பு யாது?
3. கமலையால் நீர் இறைத்த காலத்தில் நீர் எடுப்பதற்கு எது எல்லையாக இருந்தது?

சிறுவினா

1. விசையின்றி ஃபலஜில் நீர் ஊருக்குள் வந்து சேர்வது எவ்வாறு?
2. 'தண்ணீர் யாருடையதும் அன்று' என்னும் முதியவரின் கூற்றை விளக்குக.
3. ஓமனின் அதரையும் தமிழரின் நாழிகையையும் ஒப்பிடுக.

நெடுவினா

'பாலை ஒரு நிலத்தின் பெயராக மட்டும் அமையவில்லை. எந்த நிலத்துக்கும் நேரக்கூடிய நிலையின் பெயராகவும் அமைந்துள்ளது' – இக்கூற்றைப் பாடப்பகுதியைக் கொண்டும் உங்கள் ஊரின் நிலையைக் கொண்டும் ஆராய்ந்து கட்டுரை வரைக.